ஊதிய சீட்டு

பெயரை மாற்றி மாரியம்மாள் என்று எழுதுகிறேன். 2014, ஆடி மாதம். திருநெல்வேலியில் என் அலுவலகம் அப்போது மாடியில் இருந்தது. பதினாறு படி. அந்தப் பதினாறு படியை ஏற அவருக்கு நாலு நிமிடத்துக்கு மேல் ஆனது. நடுவில் இரண்டு இடத்தில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் பேசவில்லை. உதட்டைக் குவித்து, சூடான காப்பியை ஆற்றுவதுபோல் மெதுவாக ஊதி ஊதி மூச்சை வெளியே விட்டார். அசதி என்றுதான் அன்று நினைத்தேன். சுருங்கிப்போன மூச்சுக்குழாய் உள்ளவர்கள் யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொள்ளும் மூச்சு அது என்று பிறகுதான் தெரிந்தது.

"இருங்க வக்கீலய்யா, மூச்சு வாங்கிக்கிடுதேன். பொறவு சொல்லுதேன்."

வயது ஐம்பது. ராஜபாளையத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையே ஒரு ஜின்னிங் ஆலையில் இருபத்திரண்டு ஆண்டு வேலை. பருத்தியை அள்ளி ஜின்னில் போடுவார். ஜின் பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கும். கடைசி இரண்டு ஆண்டாக மாதத்தில் பத்து நாள்கூட முழுசாக வேலை பார்க்க முடியவில்லை. சித்திரையில் ஒரு நாள் ஜின் பக்கத்திலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு வேலைக்குப் போகவில்லை. ஆலை ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, இனிமேல் வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டது.

சம்பளத்துக்குச் சீட்டு உண்டா என்று கேட்டேன். இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் வரிசையில் நிறுத்தி எண்ணிக் கொடுப்பார்களாம். ஒரு நோட்டில் கைநாட்டு, அவ்வளவுதான்.

மஞ்சள் பை நிறையக் காகிதம் கொண்டுவந்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கை. சி.ஆர்.பி. லிட்டருக்கு 14.2 மில்லிகிராம், ஈ.எஸ்.ஆர். 52. இரண்டுக்கும் பக்கத்தில் தடித்த எழுத்தில் 'கூடுதல்' என்று அச்சாகியிருந்தது. உடம்புக்குள் அழற்சி இருக்கிறது என்பதற்கான அடையாளங்கள் இவை என்று ஆய்வகத்துக்காரர் சொன்னார். நான் இதைத்தான் பிடித்துக்கொண்டேன். இருபத்திரண்டு ஆண்டு தூசி, ரத்தத்தில் அழற்சி, ஏற முடியாத படி. இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றியது.

ஆலை இருந்த கிராமம் அன்றைக்கு இ.எஸ்.ஐ. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் அமலான பகுதிக்குள் வரவில்லை. ஆகவே 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம்தான் வழி. அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோய்களின் பட்டியல் இருந்தது. அதன் 'சி' பகுதியில் பஞ்சு, சணல் போன்றவற்றின் தூசியால் வரும் நுரையீரல் நோய் இடம்பெற்றிருந்தது. பிஸினோசிஸ் என்று பெயர். எந்த வேலையில் இருப்பவர்களுக்கு அது பொருந்தும் என்ற பத்தியில் 'அந்த ஆபத்துக்கு ஆளாகும் எல்லா வேலையும்' என்று எழுதியிருந்தது. எனக்கு மிகவும் பிடித்த சட்ட வாசகங்களில் அது ஒன்று. அப்படிப்பட்ட வேலையில் உரிய காலம் இருந்தவருக்கு அந்த நோய் வந்தால், மாறாக மெய்ப்பிக்கப்படாத வரை, அது வேலையால் வந்த காயமாகவே கருதப்பட்டது. மெய்ப்பிக்கும் சுமை முதலாளியின் தோளில்.

இன்னொரு பிரிவும் எனக்கு நெருக்கமானது. நோய்க்கு விபத்து நாள் எது? கை துண்டானால் தேதி தெரியும். நுரையீரல் எந்தத் தேதியில் கெட்டது என்று யார் சொல்வது? சட்டம் ஒரு நாளைக் குறித்திருந்தது: நோயால் முடங்கித் தொடர்ந்து வேலைக்கு வராமல் போன நாள்களில் முதல் நாளே விபத்து நடந்த நாள். மாரியம்மாளுக்கு அது சித்திரையில் அவர் ஜின் பக்கத்தில் சரிந்ததற்கு மறுநாள்.

இழப்பீட்டு ஆணையரிடம் மனு போட்டேன். ரத்த அறிக்கையை முதல் சான்றாவணமாக வைத்தேன்.

எதிர்மனுதாரர் மதுரையிலிருந்து ஒரு மூத்த வழக்கறிஞரை அமர்த்தியிருந்தார். கெட்டிக்காரர், நாகரிகமானவர். அவருடைய பதிலுரை என் மனுவை நாலு பக்கமும் அடைத்தது. சி.ஆர்.பி. கூடுதல் என்றால் தொற்று. இந்த அம்மா முன்பு ஒருமுறை காசநோய் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். வீட்டில் விறகு அடுப்பு. புகைதான் நுரையீரலைக் கெடுத்தது. பிஸினோசிஸ் நூற்பாலை நோய். ஜின்னிங் பருவகால வேலை, அதில் அந்த நோய் வராது. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, நோயே இல்லை.

அந்தப் பதிலுரையை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவரிடம் போனேன். அரசுப் பணியில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்தவர். எல்லாக் காகிதத்தையும் பொறுமையாகப் படித்தார். பிறகு ரத்த அறிக்கையை மட்டும் தனியே எடுத்து மேசையில் வைத்தார்.

"இதை ஏன் தம்பி முன்னால வச்சீங்க?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார்.

சி.ஆர்.பி.யை 1930இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் கண்டார்கள். நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில், நிமோனியாக் கிருமியின் 'சி' என்ற சர்க்கரைப் பொருளோடு சேர்ந்து படியும் ஏதோ ஒன்று இருந்தது. அந்தச் 'சி'தான் இன்றும் பெயரில் நிற்கிறது. பிறந்த கதை நுரையீரலில் தொடங்குகிறதே தவிர, அது நுரையீரலின் சொத்து இல்லை. அதைச் செய்வது கல்லீரல். உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் அங்குள்ள செல்கள் இன்டர்லூக்கின்-6 என்ற தூதை ரத்தத்தில் அனுப்பும். அது கல்லீரலுக்கு வந்து சேர்ந்ததும் சி.ஆர்.பி.யும் ஃபைப்ரினோஜெனும் கூடுதலாகச் சுரக்கும். ஃபைப்ரினோஜென் கூடினால் சிவப்பணுக்கள் நாணயத்தை அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு வேகமாக அடியில் படியும். அந்த வேகம்தான் ஈ.எஸ்.ஆர். சொத்தைப் பல் சீழ் பிடித்தாலும் இவை ஏறும். மூட்டுவாதம் இருந்தாலும் ஏறும். உடல் பருத்தால்கூடக் கொஞ்சம் ஏறும்.

"எங்கேயோ தீ எரியுதுன்னு இது சொல்லும். எந்த வீட்டுல, யார் வச்சதுன்னு இதுக்குத் தெரியாது," என்றார். "இன்னொண்ணு. ரத்தத்துல இதோட அளவு பத்தொன்பது மணி நேரத்துல பாதியாயிரும். இன்னிக்கு உடம்பு எப்படி இருக்குன்னு சொல்ற சாட்சி இது. நீங்க கேக்குறது இருபத்திரண்டு வருஷத்துக் கதை."

வழக்கறிஞனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. நேற்று நடந்ததையே நினைவில் வைத்திராத ஒரு சாட்சியை, இருபத்திரண்டு ஆண்டுக்கு முன் நடந்ததைச் சொல்லக் கூண்டில் ஏற்றியிருக்கிறேன். அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. ஏழைப் பெண்ணின் வழக்கை, புரியாத ஒரு எண்ணின்மேல் கட்டிவிட்டோமே என்ற பயம்.

அப்படியானால் நினைவுள்ள சாட்சி எது? மூச்சு ஊதும் பரிசோதனை. ஸ்பைரோமெட்ரி. 1846இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் ஆரம்பித்துவைத்த வேலை அது. முழுக்க இழுத்து, பலம் கொண்ட மட்டும் ஊதினால் முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதுதான் எஃப்.இ.வி.1. இளமையில் உச்சத்துக்குப் போய், பிறகு எல்லோருக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 25, 30 மில்லி லிட்டர் குறையும். அது வயதின் கணக்கு. அதற்குமேல் குறைந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

மாரியம்மாளை ஊதவைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். மூக்கில் கிளிப் போட்டார்கள். அட்டைக் குழாயை உதட்டால் இறுக்கிக் கவ்வச் சொன்னார்கள். "இழுங்க, இழுங்க, நல்லா இழுங்க... ஊதுங்கம்மா! ஊதுங்க, ஊதுங்க, விட்டுராதீங்க, இன்னும், இன்னும்" என்று அந்தப் பரிசோதகர் பெண் கத்திக்கொண்டே இருந்தார். மாரியம்மாளின் கழுத்து நரம்பு புடைத்தது, கண் நீர் கோத்தது. திரையில் கோடு எழும்பி, பாதியிலேயே வளைந்து, தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போனது. மூன்று முறை ஊதினார். ஆகச் சிறந்த ஊதலுக்கு 1.21 லிட்டர். கிளிப்பை எடுத்ததும் அவர் சொன்னதுதான் வழக்கின் திருப்பம்.

"இதே மாதிரி முன்னாலயும் ஊதியிருக்கேன்யா. ஆலைக்கு ஒரு டாக்டர் தம்பி வந்தான். மெசினு வச்சுப் பொம்பளையாளு பூராத்தையும் ஊதச் சொன்னான். சீட்டு குடுத்தான்."

"சீட்டு எங்கே?"

"ரேசன் கார்டுக்குள்ள இருக்கும்."

இருந்தது. குடும்ப அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் நாலாய் மடித்து, ஓரத்தில் மஞ்சள் கறையோடு. தேதி 9-2-2004. 'ஷிப்டுக்கு முன்: 1.92. ஷிப்டுக்குப் பின்: 1.70.' கீழே ஒரு கையெழுத்து. சம்பளம் வாங்கியதற்கு ஊதியச் சீட்டு அவரிடம் இல்லை. மூச்சை ஊதிய சீட்டு இருந்தது. அதைத் தவிர 2009இல் அரசு மருத்துவமனை நெஞ்சகப் பிரிவில் ஊதிய சீட்டும் பைக்குள்ளேயே கிடந்தது: 1.62.

பழைய நாள்காட்டியைப் புரட்டினேன். 2004 பிப்ரவரி 9, திங்கட்கிழமை.

பஞ்சுத் தூசி நோயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கும் திங்கட்கிழமையின் பொருள் தெரியும். பருத்தியோடு வரும் இலைச்சருகிலும் பூவடிச் செதிலிலும் ஒருவகைக் கிருமிகள் வாழ்கின்றன. அவற்றின் உறையிலுள்ள எண்டோடாக்சின் என்ற நஞ்சு தூசியோடு உள்ளே போய் மூச்சுக்குழாயில் அழற்சியை மூட்டும். ஞாயிறு விடுமுறையில் உடம்பு சற்று ஆறியிருக்கும். திங்களன்று மறுபடி தூசிக்குள் போனதும் நெஞ்சு இறுகும். வாரத்தின் முதல் நாள்தான் கடுமை. ஆரம்பத்தில் செவ்வாய், புதனில் தேறும். வருடங்கள் போகப் போக எல்லா நாளும் திங்களாகிவிடும். லங்காஷயர் பஞ்சாலைகளில் இதை 1950களில் வகுத்துப் படிநிலை கொடுத்தவர் ரிச்சர்ட் ஷில்லிங். எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தெரியாது. சிலிக்கா தூசிபோல் நுரையீரலில் தழும்பு போடும் நோய் அல்ல, குழாய் சுருங்கும் நோய். 'எக்ஸ்ரே சுத்தம்' என்ற வாதத்துக்கு அங்கேயே பதில் இருந்தது.

மாரியம்மாளிடம் திங்கட்கிழமை பற்றிக் கேட்டேன், எதையும் எடுத்துக்கொடுக்காமல்.

"ஆமாய்யா, லீவு முடிஞ்சு போற அன்னைக்கு நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்கும். ஞாயித்துக்கிழமை கறி தின்னதுதான் சேரலன்னு எங்க அத்தை சொல்லுவாக. நான் கறியை விட்டேன். அப்பவும் அடைச்சுச்சு."

பதினைந்து வருடம் அவர் ஞாயிற்றுக்கிழமை கறி சாப்பிடவில்லை.

அந்த ஆலைக்குள் எங்களை விடவில்லை. பக்கத்து ஊரில் தெரிந்தவர் ஒருவரின் ஜின்னிங் கொட்டகையில் ஒரு மணி நேரம் நின்றேன். வரிசையாக ஜின்கள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பெண், முகத்தில் ஈரிழைத் துண்டு. ஜன்னல் வழியே விழுந்த வெயில் தூண்போல நின்றது, அதற்குள் தூசி மட்டுமே தெரிந்தது. வெளியே வந்தபோது என் கண்ணிமை வெள்ளையாக இருந்தது என்று ஓட்டுநர் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு அது. இருபத்திரண்டு ஆண்டை மனதில் பெருக்கிப் பார்த்தேன்.

விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டு அமெரிக்கச் சங்கதிகளைக் கொண்டுவந்தார். நான் எதிர்பாராதவை. முதலாவது சட்டம் சம்பந்தப்பட்டது. 1978இல் அமெரிக்கா பஞ்சுத் தூசிக்கு வரம்பு விதித்தது. நூல் தயாரிப்பில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராம். ஆலை முதலாளிகள் எதிர்த்துப் போனார்கள். 1981இல் டோனோவன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த விதியைப் பெரும்பகுதி நிலைநிறுத்தியது. ஆனால் ஜின்னிங்குக்கென்று தனியாகப் போட்ட விதியை 1980இலேயே அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஜின்னிங்கில் சில வார காலமே வேலை, நூற்பாலைக் கணக்கை அதற்கு நீட்டக்கூடாது என்பது காரணம். "அமெரிக்காவே விட்டுவிட்டது" என்றார்.

நல்ல வாதம்தான். ஆனால் டெக்சாஸ் ஜின் சில வாரம் ஓடும். எங்கள் ஆலை கர்நாடகத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் பருத்தி தருவித்து ஆண்டுக்குப் பத்து மாதம் ஓடியது. சம்பளப் பதிவேட்டை வரவழைக்க மனு போட்டிருந்தேன். கைநாட்டு வைத்த அந்த நோட்டே வந்தது. அதில் பத்து மாதமும் மாரியம்மாளின் இடது பெருவிரல் இருந்தது. எதிர்மனுதாரர் கொண்டுவந்த ஆவணமே எனக்குச் சாட்சி ஆனது.

இரண்டாவது சங்கதிதான் என்னைக் கலங்கடித்தது. எதிர்த்தரப்பு மருத்துவர் 2010இல் வந்த ஓர் ஆய்வைச் சொன்னார். அமெரிக்காவில் 1985-86இல் நாலு நகரங்களில் பதினெட்டிலிருந்து முப்பது வயதுக்குட்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இளையோரைத் திரட்டிப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். இளமையில் யாருக்கு ஃபைப்ரினோஜெனும் சி.ஆர்.பி.யும் கூடுதலாக இருந்ததோ, அவர்களுக்கு நடுவயதில் மூச்சுத்திறன் கூடுதலாகக் குறைந்திருந்தது. "ஆகவே" என்றார் மூத்த வழக்கறிஞர், "இந்த அம்மாவின் உடல்வாகிலேயே அழற்சி அதிகம். அந்த உடல்வாகுதான் நுரையீரலைக் கெடுத்தது. மனுதாரரின் முதல் சான்றாவணமே அதைத்தான் சொல்கிறது."

நான் வைத்த காகிதம் என் கட்சிக்காரரையே குத்தியது.

ஒரு வாய்தா வாங்கிக்கொண்டு மறுபடி பாளையங்கோட்டை. அந்த ஆய்வு உண்மைதான், நல்ல ஆய்வுதான் என்றார் பெரியவர். புகைக்காதவர்களிடமும் நுரையீரல் சரிவும் ரத்த அழற்சியும் சேர்ந்து நடப்பதைப் பலரும் கண்டிருக்கிறார்கள். ஆனால் சேர்ந்து நடப்பது ஒன்று, அதனால் நடப்பது வேறொன்று. கோபன்ஹேகனில் பல்லாயிரம் பேரின் மரபணுவைப் பார்த்த ஆய்வு 2011இல் வந்தது. சிலருக்குப் பிறவியிலேயே மரபணுவால் சி.ஆர்.பி. சற்றுக் கூடுதல். சி.ஆர்.பி.தான் நுரையீரலைக் கெடுக்கிறது என்றால் அவர்களுக்கு நோய் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. சி.ஆர்.பி. புகைதான், தீ இல்லை. தீயை வேறு எங்கோ தேட வேண்டும்.

எங்கே தேடுவது என்பதற்கு ஷாங்காய் ஆய்வைக் கொடுத்தார். 1981இல் தொடங்கி பல பத்தாண்டு, ஒரே நகரத்தில் பஞ்சாலைத் தொழிலாளிகளையும் பட்டாலைத் தொழிலாளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இரண்டு கூட்டமும் ஒரே ஊர், ஒரே மாதிரி வாழ்க்கை. வித்தியாசம் பஞ்சுத் தூசி மட்டும். பஞ்சாலையில் இருந்தவர்களுக்கு மூச்சுத்திறன் கூடுதலாகச் சரிந்தது.

நான் ஒரு முடிவு செய்தேன். ரத்த அறிக்கையை ஒளிக்கப் பார்க்கவில்லை, திரும்பப் பெறவும் கேட்கவில்லை. அதற்குரிய இடத்தில் வைத்தேன். அது துணைச் சான்று. முதன்மைச் சான்று மூன்று சீட்டும்தான் என்று ஆணையரிடம் எழுத்தில் கொடுத்தேன். வேலையை விட்ட பிறகு எடுத்த இரண்டாவது ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. 5.1 ஆகக் குறைந்திருந்தது. அதைக்கூட எங்கள் மருத்துவர் மிகைப்படுத்த மறுத்துவிட்டார். கூண்டில் நின்று, "இது மனுதாரர் சொல்வதோடு ஒத்துப்போகிறது, இதை மட்டும் வைத்து எதையும் சொல்ல மாட்டேன்" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு அவர் சொன்ன எல்லாவற்றையும் ஆணையர் நிமிர்ந்து உட்கார்ந்து குறித்துக்கொண்டார்.

2004இல் சீட்டுக் கொடுத்த 'டாக்டர் தம்பி'யைத் தேட மூன்று மாதம் ஆனது. மேற்படிப்பு ஆய்வுக்காக அன்று அந்த ஆலைக்கு வந்த மாணவர். வேறு மாவட்டத்தில் மருத்துவராக இருந்தார். சம்மன் போனதும் வந்தார், தன் பழைய பதிவேட்டோடு. சீட்டில் இருந்த எண் பதிவேட்டிலும் இருந்தது. மாரியம்மாள் அவரைப் பார்த்து, "தம்பி மெலிஞ்சிட்டியே" என்றார்.

எதிர்த்தரப்பு மருத்துவரின் குறுக்கு விசாரணை என் குறிப்பேட்டில் இன்னும் இருக்கிறது.

"சளியில் காசநோய்க் கிருமி இருந்ததா?"

"இல்லை."

"வயதால் எஃப்.இ.வி.1 ஆண்டுக்கு எவ்வளவு குறையும்?"

"25, 30 மில்லி."

"பத்தாண்டுக்கு 300 என்று வைத்துக்கொள்வோம். இவருக்கு 1.92 லிட்டர் 1.21 ஆகியிருக்கிறது. 710 மில்லி. மீதி 410 எங்கே போனது?"

"விறகு அடுப்புப் புகையாக இருக்கலாம்."

"2004 பிப்ரவரி 9 காலை 1.92, அன்று மாலை 1.70. நடுவில் அவர் ஆலையில் இருந்தார். அந்த எட்டு மணி நேரத்தில் குறைந்த 220 மில்லிக்கும் அடுப்புதான் காரணமா?"

நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு, "அதற்கு அடுப்பு காரணமாக இருக்க முடியாது" என்றார். நேர்மையான மனிதர். அவர் மீது எனக்கு இன்றும் மதிப்பு உண்டு.

உத்தரவு 2016 டிசம்பரில் வந்தது. அடுப்புப் புகைக்கும் ஒரு பங்கு இருக்கலாம், ஆனால் வேறு காரணமும் சேர்ந்திருக்கலாம் என்பதால் சட்டத்தின் அனுமானம் உடைந்துவிடாது என்று ஆணையர் எழுதினார். நோய் வேலையால் வந்ததே. சம்பாதிக்கும் திறன் இழப்பு 40 சதவீதம். மாதச் சம்பளம் 6,500. அதில் 60 சதவீதம் 3,900. ஐம்பது வயதுக்குரிய காரணி 153.09. பெருக்கி, 40 சதவீதம் எடுத்தால் 2,38,820 ரூபாய். அதற்கு 12 சதவீத வட்டி.

அந்த 40 சதவீதத்தை நான் இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. முழு இழப்பு என்றே கேட்டிருந்தேன். பதினாறு படி ஏற நாலு நிமிடம் ஆகும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, மீதி 60 சதவீத உழைப்பை எந்த ஊரில் யார் விலைக்கு வாங்குவார்கள்? நுரையீரலை அளக்கும் கருவி இருக்கிறது. பிழைப்பை அளக்கும் கருவி இன்னும் வரவில்லை. மேல்முறையீட்டில் நான் இதைக் கிளப்பலாம் என்றபோது மாரியம்மாள்தான் வேண்டாம் என்றார். "இது போதும்யா. வழக்கு இழுத்துக்கிட்டே போச்சுன்னா எனக்கு மூச்சு பத்தாது."

ஆலைதான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு மேல்முறையீடு போனது. சட்டக் கேள்வி எதுவும் இல்லை என்று 2018இல் தள்ளுபடி ஆனது. ஆலை கட்டி வைப்பில் இருந்த இழப்பீட்டுப் பணத்தை மாரியம்மாள் எடுத்துக்கொண்டார். அதே ஆண்டு ஒருமுறை ஊதிப் பார்த்தோம்: 1.17. நாலு ஆண்டில் 40 மில்லி மட்டுமே குறைந்திருந்தது, வயதுக்கு உரியதைவிடக் குறைவு. தூசியை விட்டு விலகியதும் சரிவு நின்றிருந்தது. இழந்தது திரும்பவில்லை.

1995இல் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்னதோடு, ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து குறைந்தது நாற்பது ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்றும் உத்தரவிட்டது. அது கல்நாருக்குச் சொன்னது. பஞ்சுக்கும் கல்குவாரிக்கும் அதையே செய்திருந்தால் ரேஷன் அட்டை உறைக்குள் சாட்சியைத் தேட வேண்டியிருந்திருக்காது.

உங்கள் வீட்டில் பஞ்சாலையிலோ, ஜின்னிங்கிலோ, கல் உடைக்கும் இடத்திலோ வேலை பார்ப்பவர் இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் மூச்சை ஊதச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை மட்டும் போதும் என்று நின்றுவிடாதீர்கள். ஊதிய சீட்டில் தேதியும் கிழமையும் இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சு முட்டி வேலைக்குப் போகாத முதல் நாளை எழுதிவையுங்கள். அந்தச் சீட்டைக் குடும்ப அட்டையோடு சேர்த்து வையுங்கள்.